உட்கார்ற இடத்தின் கதை: சைக்கிள் சீட்டின் 200 வருஷ வரலாறு

1/
போன டிசம்பர். விடியக்காலை 5 மணிக்குக் கிளம்பி 200 கி.மீ. சைக்கிள் பயணம். பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கணும். 120 கி.மீ. தாண்டினதும் ரோட்டோர டீக்கடையில் நிறுத்திட்டு, பக்கத்துப் புதர் பக்கமா ஒதுங்கினேன். அப்பதான் தெரிஞ்சுது, அந்த இடத்தில் உணர்ச்சியே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

2/
நான் டாக்டர். அடுத்தவங்க நரம்பைப் பத்தி தினமும் பேசுறவன். அன்னைக்கு என்ன பண்ணினேன் தெரியுமா? யார்கிட்டயும் சொல்லல. கூட ஓட்டின நண்பர்கள்கிட்டயும் சொல்லல, வீட்டிலயும் சொல்லல. மறுநாள் கடைக்குப் போய், இருக்கிறதிலேயே மெத்து மெத்துனு இருந்த ஜெல் சீட்டை வாங்கி மாட்டினேன். நிலைமை இன்னும் மோசமாச்சு!

3/
அதே மாசம் ஒருத்தர் வந்தார். ஐம்பது வயசைத் தாண்டியவர். சைக்கிளில் டீ கேன் கட்டிக்கிட்டு, விடியற்காலையிலிருந்து தெருத்தெருவா விக்கிறவர். 'கீழ மரத்துப் போவுது சார்' என்றார், தலையைக் குனிஞ்சுகிட்டே. சர்க்கரை கொஞ்சம் உண்டு. வேறொரு இடத்தில் 'சுகர் நரம்பு' என்று சொல்லி ஆறு மாசமா மாத்திரை கொடுத்திருந்தாங்க. நானும் சர்க்கரை அளவைப் பார்த்தேன், அதே மாத்திரையைத் தொடரச் சொன்னேன், அனுப்பிட்டேன்.

4/
அவர் வெளியே போனதும் ஜன்னல் வழியா பார்த்தேன். அவர் சைக்கிளின் சீட்டைச் சுத்தி ஒரு பழைய துண்டு கட்டியிருந்தது. சீட்டின் மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்னுது. என் சைக்கிளில் நான் பண்ணின தப்பையேதான் அவரும் பண்ணியிருந்தார். ஓடிப்போய்க் கூப்பிட்டேன், அதுக்குள்ள போயிட்டார்.

அந்த வெட்கத்தில் படிக்க ஆரம்பிச்சதுதான் இந்தக் கதை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

5/
முதலில் ஒரு நிமிஷம் உடற்கூறு. இது புரிஞ்சா மீதி வரலாறு தானா புரியும்.

மரப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் புட்டத்துக்கு அடியில் வைங்க. இரண்டு பக்கமும் ஒவ்வொரு எலும்பு முட்டும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் அவை. மனுஷன் உட்கார்றதுக்கென்றே இருக்கும் எலும்புகள். இங்கே அவற்றை 'உட்கார்ற எலும்பு' என்றே சொல்றேன். நல்லா எடை தாங்கும்.

6/
அந்த இரண்டு எலும்புக்கும் நடுவே, முன்பக்கமா இருக்கும் மெத்தென்ற பகுதிக்கு மருத்துவத்தில் 'பெரினியம்' என்று பெயர். பிறப்புறுப்புக்குப் போகும் ரத்தக்குழாயும், உணர்ச்சியைக் கொண்டுவரும் புடென்டல் நரம்பும் இந்த வழியாத்தான் போகுது. அந்த நரம்பு எலும்பை ஒட்டி ஒரு குறுகலான வழியில் நுழைந்து வரும். அதை 1836-ல் விவரித்தவர் ஐரிஷ் உடற்கூறியலாளர் பெஞ்சமின் ஆல்காக். இன்னைக்கும் அதுக்கு 'ஆல்காக் கால்வாய்' என்றே பெயர்.

எடை எலும்பு மேல விழுந்தா பிரச்சினை இல்லை. நடுவுல விழுந்தா நரம்பு நசுங்கும், ரத்த ஓட்டம் குறையும். சைக்கிள் சீட்டின் 200 வருஷ வரலாறும் இந்த இரண்டு வரிக்குள்ள அடங்கும்.

7/
ஆனா இந்தப் பிரச்சினை சைக்கிளோட பிறந்தது இல்லை. கிட்டத்தட்ட 2,400 வருஷத்துக்கு முன்னாடி, ஹிப்போகிரடிஸ் பெயரில் இருக்கும் 'காற்று, நீர், இடங்கள்' என்ற கிரேக்க நூலில் சித்தியர்களைப் பத்தி ஒரு பகுதி வருது. எப்பவும் குதிரை மேலயே வாழ்ந்த நாடோடிக் கூட்டம். அவங்களில் ஆண்மைக் குறைவு அதிகம், அதுவும் பணக்காரர்களுக்குத்தான் அதிகம் என்கிறது அந்த நூல்.

8/
ஊர் மக்கள் அதைத் தெய்வக் குத்தம் என்று நம்பினாங்க. நூலை எழுதியவர் ஒரு எளிமையான கேள்வி கேட்டார்: தெய்வக் குத்தம்னா கோயிலுக்கு அதிகம் காணிக்கை கொடுக்கிற பணக்காரனுக்கு ஏன் வருது? ஏழைக்குத்தானே வரணும்? பணக்காரன்கிட்ட குதிரை இருக்கு, ஏழைகிட்ட இல்லை. காரணம் சவாரிதான் என்றார்.

அவர் சொன்ன உடலியல் விளக்கம் இன்னைக்கு நிக்காது. ஆனா கேட்ட கேள்வி நிக்குது. ஆளை மட்டும் பார்க்காம, அவன் எது மேல உட்கார்ந்திருக்கான் என்று பார்த்தார் பாருங்க, அதுதான் மருத்துவம்.

9/
சரி, சைக்கிளுக்கு வருவோம்.

12 ஜூன் 1817. ஜெர்மனியின் மன்ஹைம் நகரம். கார்ல் வான் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரம் வைத்த ஒரு மரவண்டியில் ஏறி, ஷ்வெட்சிங்கன் போகும் சாலையில் கிளம்பினார். பெடல் கிடையாது. காலால் தரையை உந்தி உந்தி ஓடணும். போக வர சுமார் 14 கி.மீ. ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிட்டார்.

அதிலும் மெத்தை வைத்த ஒரு இருக்கை இருந்தது. ஆனா கால் தரையில் இருந்ததால் உடம்பின் எடையில் ஒரு பங்கு காலுக்குப் போயிடும். சீட் பெரிய தொந்தரவா இல்லை.

10/
1860-களில் பாரிஸில் முன்சக்கரத்தில் பெடல் மாட்டினாங்க. மிஷோ குடும்பத்தின் பட்டறை வண்டிகள் பிரபலமாச்சு. கால் தரையை விட்டு மேலே வந்தது. அந்த நிமிஷம் முழு எடையும் சீட்டுக்கு வந்து சேர்ந்தது!

மரச்சக்கரம், அதுக்கு இரும்புப் பட்டை, கருங்கல் பாவின தெரு. ஆங்கிலேயர்கள் அதுக்கு வைத்த பட்டப்பெயருக்கு 'எலும்பை உலுக்கி' என்று அர்த்தம். சீட்டை நீளமான ஒரு இரும்பு வில் மேல வைத்தாங்க. அதிர்ச்சி கொஞ்சம் குறைஞ்சுது. வலி குறையல.

11/
இப்ப வர்றார் நம்ம கதையின் முக்கியமான ஆள். ஜான் போல்ட்பி புரூக்ஸ். இங்கிலாந்தில் ஹிங்க்லி ஊர்க்காரர். 1866-ல் பர்மிங்காமுக்கு வந்து, குதிரைச் சேணம் முதலான தோல் சாமான் செய்யும் தொழில் ஆரம்பிச்சார்.

1878-ல் அவரோட குதிரை செத்துப்போச்சு. வேற குதிரை வாங்க வசதி இல்லாம, வேலைக்குப் போக ஒரு சைக்கிளை இரவல் வாங்கினார் என்று அந்தக் கம்பெனியின் வரலாறு சொல்லுது. சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். தாங்க முடியல.

12/
வாழ்க்கை முழுக்கக் குதிரைச் சேணம் தைத்த மனுஷன். வலிக்குதுன்னு விட்டுட்டுப் போவாரா? தானே ஒரு தோல் சீட் செய்தார். 1882-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1890-களில் வந்த அவங்களோட 'பி17' மாடல், அடிப்படை வடிவம் மாறாம இன்னைக்கும் விற்பனையில் இருக்கு. 120 வருஷத்துக்கும் மேல!

13/
அதில் என்ன ரகசியம்? பஞ்சு இல்லை, மெத்தை இல்லை. ஒரே ஒரு கெட்டித் தோல். முன்னாடி மூக்கிலும் பின்னாடி இரும்புச் சட்டத்திலும் ஆணி அடித்து, நடுவில் இழுத்துக் கட்டியிருக்கும்.

நம்ம வீட்டுக் கயிற்றுக்கட்டிலை நினைச்சுக்கோங்க. கயிறு தளர்ந்தா இழுத்துக் கட்டுவோம். இங்கே மூக்குக்கு அடியில் ஒரு போல்ட் இருக்கும், தோல் தளர்ந்தா அதைத் திருகி இறுக்கணும்.

14/
புதுச் செருப்பு கடிக்கும், பழகப் பழகக் காலுக்கு அமையும், இல்லையா? அதேதான் இங்கேயும். முதல் சில நூறு கி.மீ. கல்லு மேல உட்கார்ந்த மாதிரி இருக்கும். அப்புறம் உட்கார்ற எலும்பு இரண்டும் பதியும் இடத்தில் தோல் குழியும். அந்தக் குழி உங்க எலும்பின் அளவு. வேற யாரும் அதில் சௌகரியமா உட்கார முடியாது.

எடையை எலும்பு மேல நிறுத்தணும் என்பதைப் படிப்பால் இல்லாம கைப்பழக்கத்தால் கண்டுபிடிச்சார் ஒரு சேணத் தொழிலாளி. இதை நல்லா ஞாபகம் வைங்க.

15/
அடுத்த பத்து வருஷத்தில் இரண்டு பெரிய மாற்றம். 1885-ல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். 1887-ல் பெல்ஃபாஸ்டில் இருந்த டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். அவர் யார் தெரியுமா? கால்நடை மருத்துவர்! நம்ம துறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

சைக்கிள் ஆபத்தில்லாத, ஓரளவு சொகுசான வண்டியாச்சு. பெண்களும் ஏறினாங்க.

16/
அங்கேதான் எங்க துறையின் வெட்கக்கேடான அத்தியாயம் ஆரம்பிக்குது.

பெண் தனியா, தன் இஷ்டத்துக்கு, தன் வேகத்தில் எங்கே வேணும்னாலும் போறா. அந்தக் காலத்துச் சமூகத்துக்கு இது தாங்கல. உடனே டாக்டர்கள் களத்தில் இறங்கினாங்க. கர்ப்பப்பை இறங்கிடும், முதுகு வளைஞ்சிடும் என்றாங்க. 'சைக்கிள் முகம்' என்று ஒரு வியாதியையே கண்டுபிடிச்சாங்க. பேலன்ஸ் பண்ற கவலையில் முகம் நிரந்தரமா இறுகிடுமாம். சிரிக்காதீங்க, படிச்சவங்கதான் எழுதினாங்க.

17/
எல்லாத்தையும் விடப் பெரிய பயம் சீட்டைப் பத்தி. சீட் உரசி, பெண்ணுக்குப் பாலுணர்வு தூண்டப்படும் என்று பயந்தாங்க. 1895-ல் புரூக்ளினைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ராபர்ட் டிக்கின்சன் ஒரு மருத்துவ இதழில் இதைப் பத்தி விரிவா எழுதினார். சீட்டின் மூக்கை எப்படி உயர்த்தினா, தோலை எப்படித் தளர்த்தினா அது நடக்கலாம் என்று விளக்கினார். இத்தனைக்கும் அவர் பெண்கள் சைக்கிள் ஓட்டுறதுக்கு எதிரி இல்லை.

18/
கவனிங்க. சீட்டின் மூக்கு நிமிர்ந்தா அழுத்தம் நடுப்பகுதிக்குப் போகும் என்ற உண்மை 1895-லேயே மருத்துவ இதழில் இருந்தது! ஆனா அதை வலிக்காகவோ மரத்துப்போறதுக்காகவோ யோசிக்கல. பெண்ணோட ஒழுக்கத்துக்காகக் கவலைப்பட்டாங்க. ஓட்டுற பெண்ணைக் கூப்பிட்டு 'உனக்கு எங்கம்மா வலிக்குது?' என்று கேட்டிருந்தா, நூறு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

19/
இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பயத்தாலேயே ஒரு நல்ல பொருள் வந்தது. 'ஆரோக்கிய சீட்' என்று 1890-களில் ஏகப்பட்ட மாடல்கள் இறங்கின. அமெரிக்காவில் ஸ்பால்டிங் கம்பெனி விற்ற 'கிறிஸ்டி' சீட்டைப் பாருங்க. இரும்புத் தட்டில் உட்கார்ற எலும்புக்கு ஆளுக்கொரு மெத்தை, நடுவில் இடைவெளி. விளம்பரத்தில் இடுப்பெலும்புப் படத்தையே போட்டு, எலும்பு எங்கே உட்காருது பாருங்க என்று காட்டினாங்க.

இன்னைக்குப் பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும், நடுவில் ஓட்டை போட்ட சீட்டின் கொள்ளுப்பாட்டி இதுதான்.

20/
அப்புறம் ஏன் மறைஞ்சுது? நூற்றாண்டு திரும்பினதும் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் அடங்கிப்போச்சு, அப்புறம் கார் வந்தது. சைக்கிள் என்றால் பந்தயம் என்றாச்சு. பந்தயக்காரன் குனிஞ்சு ஓட்டுறான். குனியும்போது இடுப்பு முன்னே சாயும், எடை எலும்பிலிருந்து நழுவி நடுப்பகுதிக்கு வரும். தொடை உரசாம இருக்க சீட்டும் ஒல்லியாச்சு. 1960-களில் இத்தாலியின் சினெல்லி கம்பெனி பிளாஸ்டிக் ஓட்டில் சீட் செய்தது. மழையில் நனையாது, எடை குறைவு. ஆனா தோல் மாதிரி உடம்புக்குப் பழகாது.

21/
வலியைத் தாங்குறதுதான் வீரம் என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. ஷார்ட்ஸுக்குள்ள மென்மையான ஆட்டுத்தோல் வைத்துத் தைப்பாங்க. துவைச்சு காய்ந்தா அதுவே அப்பளம் மாதிரி விறைச்சுக்கும். புண்ணுக்கு மேல பச்சை இறைச்சித் துண்டை வைத்து ஓட்டின கதைகள்கூட அந்த உலகத்தில் உலவுது.

சீட்டில் உரசி, வேர்வையில் ஊறி, மயிர்க்கால் வழியா கிருமி நுழைஞ்சு வரும் கட்டி சாதாரண விஷயம் இல்லை. மூணு பேரைச் சொல்றேன்.

22/
1969 செப்டம்பர். பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ், பிரான்ஸின் புளுவா நகரில் ஒரு டிராக் பந்தயத்தில் விழுந்தார். அவருக்கு முன்னே மோட்டார் வண்டியில் போனவர் இறந்தே போனார். மெர்க்ஸின் இடுப்பு திருகிக்கொண்டது. அதுக்கப்புறமும் அவர் உலகத்தை ஜெயிச்சார். ஆனா வலியில்லாத ஒரு உட்காரும் நிலை அவருக்கு அமையவே இல்லை. சீட்டை ஏத்தி, இறக்கி, மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

23/
1987. ஸ்பெயின் சுற்றுப் பந்தயம். அயர்லாந்தின் ஷான் கெல்லி முதலிடத்தில் இருந்தார். முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி. உட்கார்ற இடத்தில் கட்டி. உட்கார முடியல. முதலிடத்தில் இருந்துகொண்டே இறங்கிட்டார். கொலம்பியாவின் லூயிஸ் ஹெரேரா ஜெயிச்சார். அடுத்த வருஷம் கெல்லி திரும்பி வந்து அதே பந்தயத்தை ஜெயிச்சது வேற கதை.

24/
1989. டூர் டி ஃபிரான்ஸ் கடைசி நாள். பிரான்ஸின் லோரன் ஃபினியோன் 50 விநாடி முன்னிலை. பாக்கி இருந்தது 24.5 கி.மீ. மட்டும். ஆனா கட்டியால் அவர் ராத்திரி தூங்கவே இல்லை. கிரெக் லெமாண்ட் புது மாதிரி ஹேண்டில்பாரோட வந்தார். மூணு வாரம், 3,000 கி.மீ.க்கும் மேல ஓட்டிய பந்தயத்தை ஃபினியோன் 8 விநாடியில் தோத்தார். ஹேண்டில்பாருக்கு ஒரு பங்கு, கட்டிக்கு ஒரு பங்கு. எது எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது.

25/
இத்தனை நடந்தும் மரத்துப்போறதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கல. 1997-ல்தான் வெடிச்சது. பாஸ்டனின் சிறுநீரியல் மருத்துவர் இர்வின் கோல்ட்ஸ்டீன், சைக்கிள் சீட்டால் ஆண்மைக் குறைவு வரும் என்று ஒரு அமெரிக்க சைக்கிள் பத்திரிகையிலேயே கடுமையாப் பேசினார். ஆண்கள் சைக்கிளே ஓட்டக்கூடாது என்கிற அளவுக்குப் போனார். சைக்கிள் உலகமே கலங்கிப்போச்சு.

26/
அவர் சொன்ன அடிப்படை சரி. சொன்ன விதம் அதிகப்படி. ஆனா அந்தச் சத்தம் இரண்டு நல்லது பண்ணுச்சு.

ஒண்ணு, கலிஃபோர்னியா மருத்துவர் ரோஜர் மின்கோ, ஸ்பெஷலைஸ்டு கம்பெனியோட சேர்ந்து நடுவில் பள்ளம் வெட்டின சீட்டை வடிவமைத்தார். (அதுக்குச் சில வருஷம் முன்னாடியே, அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜினா டெர்ரி பெண்களுக்கென்று நடுவில் ஓட்டை போட்ட சீட்டை விற்றுக்கிட்டிருந்தார். பெண்களின் வலிக்கு யாரும் அலறல, அதனால் அது அவ்வளவு பேசப்படல.) இரண்டு, பயமுறுத்துறதை விட்டுட்டு அளந்து பார்க்க ஆரம்பிச்சாங்க.

27/
2002. ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள் 20 ஆரோக்கியமான ஆண்களை வெவ்வேறு சீட்டுகளில் உட்கார வைத்து, உறுப்பில் ஆக்சிஜன் அளவு எவ்வளவு குறையுது என்று பார்த்தாங்க. ஒல்லியான, நிறைய மெத்தை வைத்த சீட்டில் 82 சதவீதம் குறைஞ்சுது! மூக்கே இல்லாத அகலமான சீட்டில் குறைஞ்சது சுமார் 20 சதவீதம்தான்.

மெத்து மெத்துனு இருந்ததுதான் மோசம். படிச்சதும் என் ஜெல் சீட் ஞாபகம் வந்துச்சு.

28/
ஏன் அப்படி? ஈர மணலில் உட்காருங்க. எலும்பு இருக்கும் இடம் அமுங்கும், நடுவில் மணல் மேலே பிதுங்கும். மெத்தையும் அதேதான். எலும்பு உள்ளே புதைஞ்சா, நடுவில் இருக்கும் பஞ்சு மேலே எழும்பி நரம்பை அழுத்தும். கடையில் விரலால் அமுக்கிப் பார்க்கும்போது சொகுசு. நாலு மணி நேரம் கழிச்சு வில்லன். டீக்காரர் கட்டின துண்டும் இதே வேலையைத்தான் செஞ்சுது.

29/
இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இனிதான்.

கலிஃபோர்னியாவில் லாங் பீச் நகரில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்கள், கீழே மரத்துப்போகுது என்று வெளிப்படையா சொன்னாங்க. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் அதை ஜோக்கா எடுத்துக்கல. ஸ்டீவன் ஷ்ரேடர் குழு போய்ப் பரிசோதிச்சது. எத்தனை மணி நேரம் சைக்கிளில் இருக்காங்களோ, அதுக்கேற்ப பாதிப்பும் இருந்தது. 2002-ல் வெளியிட்டாங்க.

30/
அதோட விடல. 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கு இல்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாசம் ஓட்டச் சொன்னாங்க. 2008-ல் முடிவு வந்தது. 'மரத்துப்போறதே இல்லை' என்று சொன்னவர்கள் ஆரம்பத்தில் 27 சதவீதம், ஆறு மாசம் கழிச்சு 82 சதவீதம்! தொடு உணர்வும் தேறியது. ஓட்டிப் பார்த்தவர்களில் மிகச் சிலரே பழைய சீட்டுக்குத் திரும்பினாங்க.

கஷ்டப்பட்டவன் வாயைத் திறந்தான், கேட்டவன் காது கொடுத்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

31/
அப்போ எல்லாரும் மூக்கில்லாத சீட் வாங்கணுமா? இல்லை. வளைவில் திரும்பும்போது தொடையால் மூக்கை அணைச்சுத்தான் வண்டியைக் கட்டுப்படுத்துறோம். பந்தயத்துக்கு சீட்டின் நீளம் குறைந்தது 24 செ.மீ. இருக்கணும் என்று சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதியே இருக்கு. அதனால் கடந்த பத்து வருஷமா ஒரு சமரசம் பரவியிருக்கு. மூக்கைக் குட்டையாக்கி, பின்பக்கத்தை அகலமாக்கி, நடுவில் ஓட்டை. கிறிஸ்டியும் புரூக்ஸும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி!

32/
பெண்கள் விஷயத்தில் எங்க துறை இன்னும் கடன்பட்டிருக்கு. 2006-ல்தான் யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று, நிறைய சைக்கிள் ஓட்டும் பெண்களுக்கும் உணர்ச்சி குறையுது என்று அளந்து காட்டியது. 2019-ல் பிரிட்டன் பாராலிம்பிக் வீராங்கனை ஹானா டைன்ஸ், சீட்டின் அழுத்தத்தால் ஏற்பட்ட வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டதைப் பத்திரிகையில் தானே எழுதினார். அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்!

நம்ம புதுக்கோட்டையில் 1990-களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. கேலி பேச்சைத் தாண்டி ஓட்டினாங்க. அவங்களில் எத்தனை பேர் ஆம்பளை சைக்கிளின் ஒல்லி சீட்டில் வலியை முழுங்கிக்கிட்டு ஓட்டினாங்களோ. யார் கேட்டோம்?

33/
பயந்து சைக்கிளை மூலையில் நிறுத்திடாதீங்க. 2018-ல் 2,700-க்கும் மேற்பட்ட ஆண் சைக்கிள்காரர்களை நீச்சல்காரர்கள், ஓட்டக்காரர்களோட ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு வந்தது. பாலியல் செயல்பாட்டில் சைக்கிள்காரர்கள் பின்தங்கல. மரத்துப்போறது மட்டும் அதிகம். அதுவும் அடிக்கடி சீட்டை விட்டு எழுந்து நின்னு மிதிக்கிறவங்களுக்குக் குறைவு. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் சைக்கிள் செய்யும் நன்மை மிகப் பெரிது. தப்பு சைக்கிளில் இல்லை, உட்கார்ற விதத்தில்.

34/
200 வருஷப் பாடத்தை ஒரு மூச்சில் சொல்றேன்.

அட்டைப்பெட்டியின் ஒரு துண்டைக் கெட்டியான ஸ்டூலில் வைத்து, கொஞ்சம் முன்னே சாய்ந்து உட்காருங்க. இரண்டு பள்ளம் விழும். அவற்றின் மையத்துக்கு மையம் அளந்து, இரண்டு மூணு செ.மீ. கூட்டுங்க. உங்க சீட்டின் அகலம் ஏறக்குறைய அது. சீட்டைச் சமமா வைங்க, மூக்கு நிமிரக் கூடாது. உயரம் அதிகமானா இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், உரசும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து நில்லுங்க. நல்ல ஷார்ட்ஸ், உள்ளாடை இல்லாம. ஓட்டி முடிச்சதும் உடனே குளிங்க.

35/
மரத்துப்போனா அது உடம்பு அடிக்கும் மணி. 'பழகிடும்' என்று விடாதீங்க. வலி பழகலாம், மரத்துப்போறது பழகக் கூடாது. சீட்டைச் சரி பண்ணியும் போகல, அல்லது சைக்கிளை விட்டு இறங்கி வெகு நேரம் கழிச்சும் உணர்ச்சி திரும்பலைன்னா டாக்டரைப் பாருங்க. சர்க்கரை, முதுகுத்தண்டு என்று வேற காரணமும் இருக்கலாம். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

36/
1700-ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழில் சார்ந்த நோய்களைப் பத்தி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் ஹிப்போகிரடிஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோட இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கோங்க என்றார்: நீ என்ன வேலை செய்றே?

எம்.பி.பி.எஸ். முதல் வருஷங்களிலேயே கத்துக்கொடுத்த கேள்வி. டீக்காரரிடம் நான் கேட்காம விட்ட கேள்வி.

37/
அவர் அடுத்த மாசம் மாத்திரைக்கு வந்தார். இந்தத் தடவை நானே வெளியே போய் அவர் சைக்கிளைப் பார்த்தேன். துண்டை அவிழ்த்தோம். பக்கத்துக் கடையில் ஸ்பானர் வாங்கி, மூக்கைச் சமமாக்கி, சீட்டை ஒரு இஞ்ச் இறக்கினோம். செலவு பூஜ்யம். 'எனக்கும் இதே பிரச்சினைதாண்ணே' என்று சொன்னேன். அப்பதான் முதல் தடவையா அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

38/
மூணு வாரத்தில் 'முக்காவாசி தேவலாம் சார்' என்றார். மிச்சம் கால்வாசி சர்க்கரையா இருக்கலாம், அதையும் பார்த்துக்கிட்டிருக்கோம். நான் ஜெல் சீட்டைக் கழட்டி, கெட்டியான, அகலமான, நடுவில் ஓட்டை உள்ள சீட்டுக்கு மாறிட்டேன். ரெண்டு மாசம் முன்னாடி இன்னொரு 200 கி.மீ. முடிச்சேன். தொடை வலிச்சுது, முதுகு வலிச்சுது. அந்த இடத்தில் உணர்ச்சி இருந்தது. அது போதும்.

டாக்டர் கேட்க மறந்தா நீங்களே சொல்லுங்க: 'நான் தினமும் இது மேலதான் உட்கார்றேன்' என்று. வெட்கப்பட ஒண்ணுமே இல்லை. முடிஞ்சா கையோட சைக்கிளையும் காட்டுங்க.

சைக்கிள் ஓட்டுற ஒரு நண்பருக்காவது அனுப்புங்க. அவர் உங்ககிட்ட சொல்லாம இருக்கலாம்.